அறுபதா, தொண்ணூறா?

எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், "அறுபதா, தொண்ணூறா?" என்பார் கடைக்காரர். அறுபது நிமிடக் கேஸட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறேழு பாட்டு. ஒன்றைச் சேர்க்க இன்னொன்றை விட வேண்டும். எழுதி, அடித்து, மறுபடி எழுதுவோம். அவரும் சும்மா இருக்க மாட்டார். "ரெண்டு சோகப் பாட்டும் அடுத்தடுத்து வேண்டாம் தம்பி, நடுவுல வேற ஒண்ணு போடறேன்" என்பார். பக்கத்தின் கடைசியில் கொஞ்சம் நாடா மிஞ்சினால், 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து ஒரு துண்டைப் போட்டு நிரப்புவார். பாடகர் குரலே இல்லாத இசையை நான் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியது அப்படித்தான். அது நான் கேட்டு வாங்கியதல்ல.

அந்தக் கடை நடத்தியது திருட்டுப் பதிவு. பாட்டுக்கு உரியவர்களுக்கு ஒரு காசும் போகவில்லை. அதை நியாயப்படுத்த மாட்டேன். அதற்கு முந்தைய காலமும் பொற்காலமல்ல. 78 சுழற்சி இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். கச்சேரியில் அரைமணி விரியும் ராகத்தை வித்வான்கள் அதற்குள் சுருக்கிப் பாடினார்கள். விற்கிற கருவியின் அளவுக்குப் பாட்டு எப்போதும் வெட்டுப்பட்டே வந்திருக்கிறது. கேஸட்டில் மட்டும் கத்தரி எங்கள் கைக்கும் வந்தது.

இப்போது கைபேசியில் கோடிக்கணக்கான பாட்டுகள். ஸ்பாட்டிஃபை செயலியில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கணக்கில் ஏறும். நிதானமாக விரியும் முன்னிசைக்கு அங்கே என்ன இடம்? எதைத் தாண்டினேன், எதில் நின்றேன் என்று குறித்துக்கொண்டு, எனக்குப் பிடித்ததன் சாயலிலேயே அடுத்ததையும் செயலி ஓட்டுகிறது. "வேற ஒண்ணு போடறேன்" என்று குறுக்கே வர அங்கே ஆளில்லை.

என்னை அதிகம் வருத்துவது வேறு. கேஸட் தயாரிக்கப் பெரிய முதல் தேவைப்படவில்லை. அதனால் சினிமாவுக்கு வெளியே இருந்த நாட்டுப்புறப் பாட்டும் அம்மன் பாட்டும் கடைக்கு வந்தன. நாட்டுப்புறப் பாடகி விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனின் குரல் வீடுகளுக்குள் வந்தது. இன்று கிராமத்துப் பாடகர் ஒருவர் தன் பாட்டை ஏற்றிவிடலாம், தடையில்லை. ஆனால் 2024 முதல், ஓராண்டில் 1000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை உரிமத்தொகை தருவதில்லை. நான் சந்தா கட்டி, மாதம் முழுக்க அவர் பாட்டை மட்டுமே கேட்டாலும் என் பணம் நேராக அவரிடம் போகாது. எல்லார் சந்தாவும் ஒரே குவியலில் சேர்ந்து, மொத்தக் கேட்பின் விகிதப்படி பிரிகிறது. பெரும்பங்கு நான் தொடாத பாட்டுகளுக்கு உரியவர்களிடம் போய்ச் சேர்கிறது.