சீஸ் ஆயிருக்கும் சார்

எண்பதுகளில் எஞ்சின் சீஸ் ஆகப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. பெட்ரோல் பங்கில் ஆயில் அளவுக் குவளையைக் கையில் எடுத்த பையனை அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டால் போதும். சித்தப்பாவின் யெஸ்டி டூ ஸ்ட்ரோக் வண்டி. எஞ்சினுக்கென்று தனி ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்து போவதுதான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு. லிட்டருக்கு 40 மில்லி என்பது எங்கள் மெக்கானிக் பாய் சொன்ன கணக்கு. அது போகாவிட்டால் அலுமினிய பிஸ்டன் சூட்டில் உப்பும். சுற்றியிருக்கும் வார்ப்பிரும்பு சிலிண்டர் அந்த அளவுக்கு உப்பாது. நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியும் போய், பிடித்துக்கொள்ளும். அதுதான் சீஸ்.

எங்களுக்குப் பிடித்துக்கொண்டது மூன்றடைப்பு தாண்டி, நாகர்கோவில் சாலையில். எஞ்சின் ‘ஙொய்ங்’ என்று ஒரு மாதிரி இழுத்தது. வேகம் தானாகக் குறைந்தது. பின்சக்கரம் சடாரென்று நின்று ரோட்டில் தேய்ந்தது. சித்தப்பா கிளட்ச் லீவர் மேல் எப்போதும் இரண்டு விரல் வைத்திருப்பார். அதை நான் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு விரலால்தான் நாங்கள் கீழே விழவில்லை. ஓரமாக நிறுத்தி, பீடி பற்றவைத்து, எஞ்சின் ஆறும்வரை உட்கார்ந்திருந்தார். ஆறியதும் கிக்கர் இறங்கியது. முப்பதுக்கு மேல் போகாமல் உருட்டிக்கொண்டு பாளையங்கோட்டை வந்து சேர்ந்தோம்.

பாய் பார்த்த முறையைச் சொல்ல வேண்டும். முதலில் அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. யெஸ்டியில் கியர் லீவரையே திருப்பி நிமிர்த்தினால் அதுதான் கிக்கர். அதைக் காலால் உதைக்காமல் கையால் மெதுவாக அழுத்தினார். எந்த இடத்தில் உரசுகிறது என்று உள்ளங்கைக்குத் தெரியுமாம். பிறகு பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீங்கானில் வெள்ளிப் பொடி மாதிரி ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கிறது என்று அர்த்தம். ஒட்டியிருக்கவில்லை. கடைசியாக ஒரு சைலன்சரை இறக்கினார். யெஸ்டிக்கு ஒற்றை சிலிண்டர், ஆனால் சைலன்சர் இரண்டு. டூ ஸ்ட்ரோக்கில் புகை போகும் துவாரம் சிலிண்டர் சுவரிலேயே இருப்பதால், டார்ச் அடித்தால் பிஸ்டனின் விலா கண்ணுக்குத் தெரியும். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். சாம்பல் நிறத்தில் நாலைந்து நெடுங்கோடுகள்.

“அண்ணாச்சி, லேசாத்தான் பிடிச்சிருக்கு. ரிங் மாத்தி, பிஸ்டனைத் தேச்சு விட்டா ஓடும். சிலிண்டரைக் கடைஞ்சு போர் அடிக்க வேண்டாம்” என்றார். எஞ்சினைப் பிரிக்காமலே சொன்ன தீர்ப்பு. பிரித்தபோது அப்படியே இருந்தது.

பழையதெல்லாம் பொன் என்று பாட நான் வரவில்லை. பாய் சொன்ன கோளாறு தப்பியதில்லை. சொன்ன தேதி ஒருநாளும் நின்றதில்லை. ரிங் மதுரையிலிருந்து வர வேண்டும், வந்தது அளவு சேராது, சேர்ந்த நாளில் பாய் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பார். அதுவரை சித்தப்பா பஸ்ஸில் போய்வந்தார்.

மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடியது. புகைக் கட்டுப்பாடு வந்து டூ ஸ்ட்ரோக் பைக்குகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஃபோர் ஸ்ட்ரோக், தனி ஆயில், கூலன்ட், பியூயல் இன்ஜெக்‌ஷன் என்று எஞ்சின்கள் நல்லபிள்ளை ஆகிவிட்டன. இப்போது எஞ்சின் சீஸ் ஆவது அபூர்வம். சீஸ் ஆயிருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரிந்த ஆளும் அதே அளவுக்கு அபூர்வம்.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வண்ணார்பேட்டைத் தெருக்களுக்குள் வந்தபோது என் மகனின் பைக் சீட் வரை முங்கியது. தண்ணீர் வடிந்ததும் லோடு ஆட்டோவில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பையன் பட்டனை அழுத்தினான். ‘டக்’. இன்னொரு தரம். ‘டக்’. அந்த வண்டிக்குக் கிக்கரே கிடையாது, கையால் அழுத்திப் பார்க்க.

லேப்டாப்பை மாட்டினார்கள். ஃபால்ட் கோடு எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. வராதுதான், சென்சாருக்குத் தெரிந்தது சூடு, காற்று, கிராங்க் சுற்றுகிறதா என்பது. ஏன் சுற்றவில்லை என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. டை கட்டிய அட்வைசர் தம்பி திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “எஞ்சின் சீஸ் ஆயிருக்கும் சார். பிளாக் கிட் மாத்தணும்” என்றார். போர் அடிக்க முடியாதா என்றேன். சிலிண்டருக்குள் நிக்கல் பூச்சாம், கடைந்தால் போய்விடுமாம். அது உண்மைதான். எஸ்டிமேட் மட்டும் ஐந்து நிமிடத்தில் பிரிண்ட் ஆகி வந்தது. இந்த வேகம் பாய்க்கு ஜென்மத்தில் வராது.

“பிளக்கைக் கழட்டிப் பாத்தீங்களா தம்பி?”

“டேங்க்கை இறக்கணும் சார். அதுக்கு லேபர் தனி.”

தருகிறேன் என்றேன். பின்னால் நின்ற ஐடிஐ பையன்தான் டேங்க்கை இறக்கினான். பிளக் வெளியே வந்ததும், டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னேன். சக்கரம் சுற்ற, பிளக் துவாரத்திலிருந்து பீய்ச்சி அடித்த தண்ணீர் அவன் சட்டையை நனைத்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. வால்வு இரண்டும் மூடியபின் மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நின்றுவிடும். வெளியிலிருந்து பார்க்க அச்சு அசல் சீஸ் மாதிரியே இருக்கும். வடித்த எஞ்சின் ஆயில் பால் தூக்கலான டீ நிறத்தில் வந்தது. இரண்டு தரம் ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, வேறு பேட்டரி போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. பிளாக் கிட் எஸ்டிமேட்டிலிருந்து காணாமல் போய், அதன் இடத்தில் ‘பொதுப் பரிசோதனை’ என்று ஒரு வரி முளைத்திருந்தது. பரிசோதித்தது யார் என்று நான் கேட்கவில்லை.

மறுபடியும் மழைக்காலம் வரும். தண்ணீரில் நின்ற வண்டியில் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள், யாரையும் தொட விடாதீர்கள். முட்டி நிற்கும் பிஸ்டனை மோட்டாரால் தள்ளினால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றிச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். லேபர் தனி என்றால் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.