‘டைகர், வா!’: விளிவேற்றுமையின் வீழ்ச்சியும் கழுத்துக்கயிற்றின் எழுச்சியும்

கூப்பிட்டால் நாய் வராது என்பது நம் தெருக்களில் தினமும் காலை ஆறு மணிக்கு மெய்ப்பிக்கப்படும் பேருண்மை. இதற்குக் காரணம் கூறும் கொள்கைகள் மூன்று வழக்கில் உள்ளன: நாய்க்குத் திமிர் என்பது ஒன்று, நாய்க்குக் காது மந்தம் என்பது மற்றொன்று, எதிர்வீட்டு நாய்மேல் அதற்கு ஒரு கண் என்பது மூன்றாவது. மூன்றாம் கொள்கை குடும்ப கௌரவம் சார்ந்தது என்பதால் அதற்குள் புகவில்லை. காதுக் கொள்கை நிற்காது. மனிதச் செவி ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸில் நின்றுவிட, நாயின் செவி 40,000-ஐயும் தாண்டிக் கேட்கும். மாடியறையில் பிஸ்கட் டப்பாவின் மூடி திறப்பதைத் தெருமுனையிலிருந்து கேட்கிற பிராணிக்குத் தன் பெயர் மட்டும் கேட்காமல் போகாது. எனவே குறை நாயிடம் இல்லை, அழைப்பில் இருக்கிறது. இது விலங்கியல் சிக்கலே அன்று, இலக்கணச் சிக்கல் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று தனி இயலே வகுத்தார். தொலைவில் இருப்பவரை அழைக்கையில் ஓசை தன் அளவு கடந்து நீளும் என்றும் அதில் சொன்னார். மொட்டைமாடியிலிருந்து எழும் ‘டைகஅஅஅர்’ என்ற குரல் இவ்விதிக்கு முற்றும் உட்பட்டது. பெயரிலும் குற்றமில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் இயல் நாயின் குட்டிக்கும் புலியின் குட்டிக்கும் குருளை என்ற பெயரையே தருவதால், நாய்க்கு டைகர் என்று பெயரிடுவது ஆங்கில மோகம் அன்று, தொல்காப்பிய நெறி. (அதே மரபியல் பெண்நாயைப் பாட்டி என்று வழங்கவும் இடம் தருகிறது. கூட்டுக் குடும்பத்தார் இவ்விதியைக் கடைப்பிடிக்காதிருத்தல் நலம்.) சிக்கல் விளியுருபில் தொடங்குகிறது. அர் ஈற்றுப் பெயர் விளியேற்கும்போது ஈர் ஆகும். கூத்தர், கூத்தீர் ஆவதுபோல. எனவே டைகர் என்பதன் முறையான விளி ‘டைகீர்!’ என்பதே. காலங்காலமாகத் தவறான உருபோடு அழைக்கப்படும் நாய், தன்னை அழைக்கவில்லை என்று எண்ணிப் போய்க்கொண்டே இருப்பதில் வியப்பென்ன?

அது உயர்திணைக்கு உரிய விதி, அஃறிணை ஏகாரம் பெற்று ‘டைகரே’ என்றுதான் ஆகும் என மறுப்பார் உளர். நாய் எத்திணை என்பதை அது படுக்கும் இடம் கொண்டு துணிக. வாசற்படியில் படுப்பது அஃறிணை. சோபாவில் படுப்பது உயர்திணை. சோபாவில் நாய் படுக்க மனிதர் தரையில் அமரும் வீடுகளில் ஐயமே எழாது. கல்வெட்டுச் சான்றும் உண்டு. பாம்பேயி நகரத்து வீடொன்றின் வாயிலில், சங்கிலியால் கட்டிய நாயின் உருவத்தோடு, நாயிடம் எச்சரிக்கை என்று லத்தீனில் பதித்த தரைச்சித்திரம் கிடைத்திருக்கிறது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர் அது. அங்கே நாய் ஒருமை. நம் வாயிற்கதவுகளிலோ உள்ளே இருப்பது ஒன்றே ஆயினும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்றே எழுதுகிறோம். இது மரியாதைப் பன்மை அன்றி வேறென்ன? நாய்கள் விழிப்போடு இருக்கின்றன என்று பொருள் கொள்வதா, நாய்களே, வருகிறவரிடம் விழிப்பாயிருங்கள் என்று விளியாகக் கொள்வதா என்பது தனி ஆய்வுக்குரியது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பின்றி அலைவோர் எடுத்துக்கொள்ளலாம். இதைவிடச் சிறிய தலைப்புகளுக்கும் பட்டம் கிடைத்திருக்கிறது.

உருபைத் திருத்தினால் மட்டும் நாய் வந்துவிடாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லுக்கு நாய் கொள்ளும் பொருள், அச்சொல்லைத் தொடர்ந்து என்ன நடக்கிறது என்பதே. ‘வா’ என்று அழைத்து, வந்ததும் குளிப்பாட்டினால் ‘வா’ என்றால் குளியல். வந்ததும் சங்கிலியில் கட்டினால் ‘வா’ என்றால் சிறை. பத்து முறை கத்திய பின் வந்த நாயை அடித்தால், தாமதம் தவறு என்று அது கற்பதில்லை. வந்ததே தவறு என்று கற்கிறது. சோற்றுத்தட்டின் ஓசை ஒரு நாளும் பொய் சொன்னதில்லை, ஆகவே அதற்கு நாய் பறந்து வருகிறது. ருஷ்ய அறிஞர் பாவ்லவுக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. ஆயினும் ஓசை கேட்டு நாய்க்கு எச்சில் ஊறியதைக் காட்டியதற்காகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஐயமுடையோர் ஏதேனும் ஒரு கருத்தரங்கின் வாசலில் நின்று, டீ வந்துவிட்டது என்று மெல்லச் சொல்லிப் பார்க்கலாம். கட்டுரை வாசிக்க மும்முறை பெயர் சொல்லி அழைத்தும் வராதவர் முதல் விளியிலேயே வருவார். அவருக்குக் கயிறு வேண்டியதில்லை.

நாய்க்கு வேண்டும். விளித்த பின் வருதல் நிகழாவிட்டால் வாக்கியம் பயனிலை இன்றி அந்தரத்தில் நிற்கும். நின்றபடியே பழகினால் விளி வெறும் ஓசையாகிவிடும். அந்தப் பயனிலையை உறுதி செய்யும் கருவியே கயிறு. ஆகவே பழக்கும் காலத்துக்கு உரியது கைக்கு அடக்கமான வார் அன்று, ஐந்து முதல் பத்து மீட்டர் நீளமுள்ள கயிறு. அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டக் கூடாது, மார்பைச் சுற்றிய பட்டையில் மாட்ட வேண்டும். இல்லையேல், ஓடிய வேகத்தில் கயிறு முடியுமிடத்தில் கழுத்து அடிபடும். பெயரை ஒரே முறை சொல்லி, துரத்தாமல் பின்னோக்கி நடந்து, வந்ததும் ஒரு துண்டு கறி கொடுத்து, மீண்டும் விளையாட விட்டுவிட வேண்டும். கயிறு இழுத்து வருவதற்கன்று, வராமலே வேறிடத்தில் இன்பம் காண்பதைத் தடுப்பதற்கு. பெட்டிக்குள் சுருண்டு தானே நீளும் கயிற்றை இக்கட்டுரை ஏற்கவில்லை. இழுத்தால் நீளம் கிடைக்கும் என்று அது நாய்க்குப் பாடம் நடத்துகிறது. சங்கிலி பற்றிச் சொல்ல ஒன்றே உண்டு: அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது அளவுக்கு மீறிக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

தின்பண்டம் கொடுத்து வரவழைப்பது லஞ்சம், நன்றியுள்ள பிராணி சும்மா வர வேண்டும் என்போர் மகாபாரதத்தைச் சான்று காட்டுவர். தருமரின் இறுதிப் பயணத்தில் ஒரு நாய் கயிறும் இன்றி, அழைப்பும் இன்றி இமயம் வரை பின்தொடர்ந்தது உண்மையே. ஆனால் அது நாயன்று, தருமதேவதை என்று அந்நூலே சொல்லிவிடுகிறது. மெய்யான நாய் என்றால் வியாசரும் அவ்வளவு தூரம் துணிந்திருக்க மாட்டார். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைநாய்க்கு இம்முறை பலிக்காது என்பது இன்னொரு மறுப்பு. அதில் பாதி உண்மை உண்டு. கண்ணால் கண்டு துரத்தவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம், முயல் குறுக்கே ஓடும்போது கறித்துண்டை எண்ணிப் பார்க்காது. அதற்கு வேலியுள்ள வெளியும், மேலும் பல மாதங்களும் தேவை. தமிழில் அழைப்பதா, ‘கம்’ என்பதா என்ற மொழிப்பிரச்சினை நாய்க்கு இல்லை, ஆங்கிலவழிக் கல்வியை அது இலவசமாகவே பெற்றுவருகிறது.

நாய் வளர்ப்போர்க்கு ஒரு விண்ணப்பம்: குளிப்பாட்டும் நாளில் மட்டுமாவது தயவுசெய்து கூப்பிடாதீர்கள். எழுந்து போய்க் கூட்டி வாருங்கள்.