ஊரார் சம்பளம்

முகத்தில் பூசிய நுரை காய்ந்து ஒரு பக்கக் கன்னம் இழுக்கத் தொடங்கிவிட்டது. சவரக்கத்தி அந்தரத்தில் நிற்கிறது. கத்திக்குச் சொந்தக்காரத் தம்பி எம்பிமாரின் சம்பளம் கதைக்கிறார். தெல்லிப்பழைச் சந்திப் பக்கம் ஒரு சலூனில் போன சனிக்கிழமை நடந்தது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"மாசம் 54,285 ரூபா அண்ணை! கதிரையில இருந்து நித்திரை கொள்ளுறதுக்கு!"

வாங்கில் இருந்த அத்தனை பேரும் "ச்சா" என்றார்கள். நுரைக்குள்ளால் நானும் "ச்சா" என்றேன். ஊரார் சம்பளத்துக்கு ஒரு "ச்சா" சொல்லாவிட்டால் நாங்கள் என்ன யாழ்ப்பாணத்தார்?

அதே வாய், அடுத்த மூச்சில், மதீஷ பத்திரனவைச் சென்னை ஐபிஎல் அணி 2024இல் 13 கோடி இந்திய ரூபாய்க்கு வைத்துக்கொண்ட கதையைச் சொன்னது. குரலில் மூத்த மகனுக்கு லண்டன் விசா கிடைத்த பெருமை. இப்போது ஒருவரும் "ச்சா" சொல்லவில்லை. "பெடியன் கெட்டிக்காரன்" என்றார்கள்.

இதில் முக்கியமான ஒரு விடயம் சொல்லவேண்டும். அதற்கு முதல் சின்னக் கணக்கு ஒன்று.

அந்த 13 கோடி எங்கள் காசில் ஏறக்குறைய 45 கோடி. எம்பியின் சம்பளம் வருடத்துக்கு ஆறரை லட்சம். 45 கோடி சேர அவர் கிட்டத்தட்ட 690 வருடம் எம்பியாக இருக்கவேண்டும். அதாவது ஆரியச் சக்கரவர்த்தி காலத்திலேயே சத்தியப்பிரமாணம் எடுத்திருக்கவேண்டும். 1344இல் இபின் பதூதா வந்து இறங்கும்போது எங்கள் எம்பி தீர்வையற்ற பெர்மிட்டில் யானை எடுத்து, அதை விற்றும் முடித்திருப்பார். 1450இல் சப்புமல் குமாரயா படையோடு வந்ததும் கட்சி மாறியிருப்பார். அவன் போனதும் தாய்க்கட்சிக்குத் திரும்பியிருப்பார். 1619இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர்: மூன்று பேருக்கும் மாலை போட்டு, மூன்று பேரிடமும் "எங்கட ஒழுங்கைக்குத் தார் ஊத்தித் தாங்கோ" என்று ஒரே மகஜரைக் கொடுத்திருப்பார். 1931இல்தான் சிக்கல். டொனமூர் தேர்தலை யாழ்ப்பாணத்தார் பகிஷ்கரித்த வருடம் அது. 1934 வரை சம்பளம் வெட்டு. பிறகு பத்திரனவைக் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்ததே, அதை வைத்து நான் கணக்குப் பார்க்கவில்லை. சோழர் காலம் வரை போகவேண்டி வரும்.

54,285இல் ஒருவரும் சீவிப்பதில்லை என்று எனக்கும் தெரியும். எரிபொருளுக்கு, தொலைபேசிக்கு, அலுவலகத்துக்கு என்று வேறு வேறு படிகள். எல்லாவற்றுக்கும் மேலே, விற்றால் கோடிக்கணக்கில் வந்த அந்தத் தீர்வையற்ற வாகனப் பெர்மிட். அதுதான் அவர்களின் ஐபிஎல் ஏலம். அதற்குத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். அந்த 54,285ஐ விடுங்கள். காசைப் பார்க்காமல் வந்தவரும் உண்டு. எங்கள் ஊர்ச் செல்வநாயகம் சிவில் வழக்கில் பேரெடுத்த அப்புக்காத்து. உழைப்புக் கொழித்த காலத்தில் அரசியலுக்கு வந்து 1947இல் எம்பியானார். 1952இல் காங்கேசன்துறையில் அவரையே தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பிய ஆட்கள் நாங்கள்.

2024 பெப்ரவரியில் முற்றவெளியில் ஹரிஹரன் பாட வந்தபோது சனம் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே போனது, தமன்னாவைக் கிட்டத்தில் பார்க்க. எம்பி பேசும் கூட்டத்துக்கு வேலி பிரித்து உள்ளே போன ஒருவரை நான் கண்டதில்லை. வேலி பிரித்து வெளியே வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

சரி, அந்த முக்கியமான விடயம். எங்கள் வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு, கனடாக்காரர் அனுப்பிய காசில், இந்தியாவிலிருந்து தொலைக்காட்சிப் பாடகி ஒருவரைக் கூப்பிட்டோம். ஐந்து பாட்டு, ஒரு தடித்த என்வலப், வாசலில் கார். எம்பி மாலை ஆறு மணிக்கே வந்து, ஒன்பது பேரின் பேச்சைக் கேட்டு, கொட்டாவியை வாய்க்குள்ளேயே விழுங்கி இருந்தார். அவருக்கு ஒரு பொன்னாடை. அதுவும் போன வருடம் பள்ளிக்கூட அதிபருக்குப் போர்த்தி, "மடிச்சு வைச்சிட்டுத் தாறம் சேர்" என்று திரும்ப வாங்கி வைத்தது.