இணுவில் மேனகையும் எங்கட சாரமும்

யாழ்ப்பாணத்தில் எங்கட ஊரான நாரந்தனையில் பெருமைக்குப் பஞ்சமில்லை. சொந்தச் சரக்கு தீர்ந்தால் பக்கத்து ஊரில் கைமாற்று வாங்குவோம். 1913இல் கரம்பனில் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகளாரை அரைவாசி நாரந்தனையாராக்கிப் பல காலமாகிவிட்டது. ஆனால் அதே யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்துபோய்த் தமிழ்ச் சினிமாவையே வேர்க்க வைத்த ஒரு பிள்ளையைப் பற்றி வாய் திறக்க ஆளில்லை. காரணம் லேசானது: பெட்டைப் பிள்ளை, அதிலும் நீச்சலுடை போட்ட பெட்டைப் பிள்ளை.

பெயர் கே. தவமணி தேவி. ஊர் இணுவில். புகையிலை, தவில், நாதஸ்வரம், கந்தசுவாமி கோயில் மஞ்சம் என்று வரிசையாக வைத்திருக்கிற ஊர் அது. பாட்டும் ஆட்டமும் அங்கே குறைவில்லை. பெண்பிள்ளை ஆடினால்தான் குறை.

1937இல் சேலத்தில் டி. ஆர். சுந்தரம் தன் மாடர்ன் தியேட்டர்சுக்கு முதற்படம் எடுக்கிறார். முதற்படம் என்றால் புராணம்தான், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற மாதிரி. படம் ‘சதி அகல்யா’. பத்தினி கல்லாகிற கதைக்கு அவர் பிடித்த நாயகி நம்முடைய தவமணி. பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு நாயகியின் படங்களைக் காட்டினாராம்; பார்த்தால் அகலிகை குளிக்கிற உடுப்பில் நிற்கிறாராம். பழைய சினிமாக் கதை சொல்கிறவர்கள் விடாமல் சொல்கிற சம்பவம் இது. அன்றைக்குக் கல்லானது அகலிகை இல்லை, பத்திரிகைக்காரர். கௌதம முனிவருக்குச் சாபம் போடுகிற வேலை மிச்சம். சுந்தரமோ விசயம் தெரிந்த மனிதர். சனம் முதலில் சீ என்று சொல்லும், பிறகு டிக்கெட் வாங்கும் என்பது அவருக்குத் தெரியாதா?

தமிழ்நாட்டார் இவருக்கு ஒரு பட்டமும் கொடுத்தார்கள்: ‘சிங்களத்துக் குயில்’. இணுவில் சனம் இதைக் கேட்டு எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்திருக்கும்! தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் முழுக்கச் சிங்களம்தான் போல. இத்தனைக்கும் அப்போது சிங்களத்தில் பேசும் படம் ஒன்றுகூட வெளிவரவில்லை. அது 1947இல்தான் வந்தது. குயில் பத்து வருடம் முந்திக் கூவிவிட்டது.

1940இல் எல்லிஸ் டங்கன் ‘சகுந்தலை’ எடுத்தார். அமெரிக்கர், தமிழ் தெரியாது; அதனால் யாரோடும் வாக்குவாதம் வராது. எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலை, ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தன். விசுவாமித்திரர் தவத்தைக் கலைக்கிற மேனகை யார்? தவமணி. எம். எஸ்ஸுக்கு அம்மா வேடத்தில் இணுவில் பிள்ளை என்பதை எங்கள் சங்கீத ரசிகர்கள் இன்றுவரை ஒரு கச்சேரி இடைவேளையிலும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்த வருடம்தான் உச்சம். ஹாலிவுட்டில் டொரத்தி லமோர் 1936இல் ஒரு காட்டுப் படத்தில் சாரம் கட்டிக்கொண்டு வந்து உலகத்தைக் கிறங்கடித்திருந்தார். அந்தச் சாயலில் பகவான் இயக்கிய ‘வனமோகினி’யில் தவமணியும் அப்படியே வந்தார். நாயகன் எம். கே. ராதா, போதாக்குறைக்குச் சந்துரு என்றொரு யானை. சாரம் என்றால் என்ன? எங்கட அப்புமார் மீன் வாங்கச் சந்தைக்குக் கட்டிக்கொண்டு போகிற உடுப்பு. படலையடியில் அவிழ்த்து உதறி மறுபடி கட்டுகிற உடுப்பு. அதில் ஒரு கவர்ச்சி ஒளிந்திருப்பது எத்தனையோ தலைமுறையாக எங்கட ஆச்சிமாருக்குப் பிடிபடவில்லை. அமெரிக்காக்காரன் கண்டுபிடித்து, சென்னை வழியாக, ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணின் இடுப்பில் கட்டித் திருப்பி அனுப்பித்தான் நமக்கே தெரிய வந்தது. யானைக்கு மட்டும் உடை பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை.

1947இல் ‘ராஜகுமாரி’. 1936 முதல் சின்னச் சின்ன வேடமாகப் போட்டு நொந்துபோன எம். ஜி. ஆர். முதன்முதலாகக் கதாநாயகன். மயக்குகிற பெண்ணாகத் தவமணி. அவர் போட்டுவந்த ரவிக்கையின் கழுத்தைக் கண்டு இயக்குநர் ஏ. எஸ். ஏ. சாமி வெலவெலத்து, ஒரு பூவை வைத்து மறைக்கச் சொன்னார் என்றும் கதை உண்டு. எம். ஜி. ஆர். பிறந்ததும் இலங்கைதான். மயக்க வந்தவரும் மயங்காமல் நின்றவரும் ஒரே தீவு. ஒருவரை முதலமைச்சராக்கினார்கள், மற்றவரை மறந்தார்கள்.

பின்னாளில் தவமணி இராமேசுவரத்தில் ஒரு சாஸ்திரியாரை மணந்து, கோயிலும் தீர்த்தமுமாக வாழ்ந்து, 2001இல் அங்கேயே காலமானார். நாரந்தனைக்குக் கொழும்பைவிட இராமேசுவரம் கிட்ட. ஆனாலும் விடுப்புப் பார்க்கப் போன ஆள் ஒன்றும் எங்கள் பக்கத்திலிருந்து இருந்ததாகக் கேள்வியில்லை.

இணுவில் பெரியவர்களே, உங்களிடம் ஒழுங்கைகள் நிறைய இருக்கின்றன. ஒன்றுக்கு இவர் பெயரை வையுங்கள். கூச்சமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நாரந்தனையில் வைத்துவிட்டு வழக்கம்போல எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்கிறோம்.