பதிவிலக்கணம்: நூற்பாவும் உரையும்

பியானோ வாசிப்பவர்கள் சிலர். அவர்களில் யார் உசத்தி என்று விடிய விடிய வாதிடுபவர்கள் பலர். முன்னவர்க்கு இசைக் கல்லூரியும் பாடத்திட்டமும் உண்டு. பின்னவர்க்கு இதுகாறும் ஓர் இலக்கணம் இல்லை. அக்குறை நீங்கவே இந்நூல். நூற்பாவும் உரையும் ஒரே கை எழுதியவை என்பதால் பாடபேதத்துக்கு இடமில்லை.

நூல் நுதலியது யாதோவெனின், ஒரே படைப்பைப் பலர் வாசித்துப் பதிவுசெய்ய, அவற்றை அருகருகே வைத்து இது அதனினும் மேல் என்று நிறுவும் தொழில். இத்தொழில் செய்வாரை எளிதில் இனங்காணலாம். ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா பிடிக்குமா என்று கேளுங்கள். மற்றவர் பிடிக்கும் என்பார், அல்லது பிடிக்காது என்பார். இவர், "யார் வாசித்தது?" என்று திருப்பிக் கேட்பார். பதில் சொன்னால், "எந்த வருஷம்?" என்பார். அதற்கும் உங்களிடம் பதில் இருந்தால் நீங்களும் அக்கூட்டத்தவரே. மேலே படிக்க வேண்டியதில்லை.

தொழில் அவ்வளவு தொன்மையானதன்று. பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் கொள்வது நான்கு நிமிடம் சொச்சம். ஆர்தர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை லண்டன் அபே ரோட் கூடத்தில் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் பதிவுசெய்து முடித்தபோது, முழுத்தொகுதி என்று உலகில் இருந்தது அது ஒன்றே. சந்தா கட்டியவர்களுக்குத் தவணை தவணையாக வந்து சேர்ந்தது. ஒன்றே இருக்கும்போது ஒப்பீடு ஏது? அக்கால ரசிகர் வெறுமனே இசையைக் கேட்டுப் பொழுதை வீணாக்கினார். 1948இல் எல்.பி. வந்தது, பின் சி.டி. வந்தது, ஒரே படைப்புக்கு நூறு பதிவு என்றாயிற்று. அப்போதுதான் நம் தொழில் தழைத்தது. இனி நூற்பா.

முந்திக் கேட்டதே முதற்பதி வென்ப
பிந்தி வந்தவை பிழைபட் டனவே.

என்பது, ஒருவர் முதன்முதலில் எந்தப் பதிவைக் கேட்டாரோ அதுவே அவருக்கு அந்தப் படைப்பு. மற்றவையெல்லாம் அதிலிருந்து வழுவியவை என்றவாறு. பதினாறு வயதில் கேட்ட தட்டின் வேகமே பீத்தோவன் நினைத்த வேகம். அந்தத் தட்டில் மூன்றாம் நிமிடத்தில் ஒரு கீறல் இருந்திருந்தால், எத்தனை சுத்தமான பதிவு வாங்கினாலும் அந்த இடம் வரும்போது அவர் காது 'டிக்' என்ற சத்தத்துக்காகக் காத்திருக்கும். வராது போனால் ஏதோ குறைகிறது என்பார்.

எனின், முதலில் கேட்டது மட்டமான பதிவாயின்? அப்போதும் அதுவே. ஆனால் அதை அவர் நேரே சொல்லார். "அதுல ஒரு இது இருக்கு சார்" என்பார். ஈண்டு 'இது' என்பது கலைச்சொல். அதன் பொருளை விளக்குமாறு வற்புறுத்துவது நட்புக்குக் கேடு.

அடுத்து வேகம். காது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. கடிகாரம் எல்லாரிடமும் உண்டு. ஆகவே ஒப்பீட்டில் முதல் சான்று நிமிடக் கணக்கே. இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு கிளென் கூல்ட். பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை அவர் முதலில் 1955 ஜூனில், 22 வயதில், நியூயார்க்கில் தேவாலயமாயிருந்து பதிவுக்கூடமாக மாறிய கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் வாசித்தார். 38 நிமிடங்களும் கொஞ்சமும். அதே கூடத்தில் 1981இல் மறுபடி வாசித்தார், 51 நிமிடம். அந்த இரண்டாம் பதிவு 1982 செப்டம்பரில் வெளிவந்தது. அக்டோபர் 4ஆம் தேதி, ஐம்பது முடிந்து ஒன்பதே நாளில், கூல்ட் இறந்தார். இதைவிட வசதியான ஆதாரம் ரசிகருக்குக் கிடைக்குமா? இளமையின் துள்ளல் 38, முதுமையின் ஞானம் 51 என்று அன்று தொடங்கிய பேச்சு இன்றுவரை நின்றபாடில்லை. பதிவுசெய்தபோது அவருக்கு 48 வயதுதான் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஞானத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இப்படைப்பில் ஒரு கருப்பாட்டும் 30 வேரியேஷன்களும் உள்ளன. ஒவ்வொன்றும் இரு பாதி. ஒவ்வொரு பாதியையும் திரும்ப வாசிக்குமாறு குறி உண்டு. 1955இல் கூல்ட் ஒரு ரிப்பீட்டும் எடுக்கவில்லை. 1981இல் சிலவற்றின் முதற்பாதிக்கு மட்டும் எடுத்தார். ஆக, கூடிய 13 நிமிடத்தில் ஒரு பங்கு ஞானமன்று, ரிப்பீட். முழுக்க ரிப்பீட் என்று தள்ளவும் முடியாது: கருப்பாட்டு இரண்டு பதிவிலும் ரிப்பீட் இல்லாமலே வருகிறது; முன்னதில் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது, பின்னதில் மூன்றைத் தாண்டுகிறது. எனவே ஞானத்தின் துல்லிய அளவு ஒரு பாட்டுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேல் என்பது பெறப்படும்.

இனி ஷூபர்ட். கடிகாரப் பிரிவினரின் பெரும்போர் நடக்கும் களம் இதுவே. கடைசி சொனாட்டாவின் முதற்பகுதி மிக மெல்லத் தொடங்குகிறது. இரண்டு கையும் ஒட்டிக்கொண்டு ஒரு பாட்டை, குரல் எழுப்பாமல் பாடுவதுபோல் வாசிக்கின்றன. எட்டாம் தாள அளவில் இடக்கையின் அடியாழத்தில் ஒரு ட்ரில், அதாவது இரு சுரங்களின் விரைந்த நடுக்கம், மிக மென்மையாக, பிறகு மௌனம். அவ்வளவுதான் நிகழ்ச்சி. இந்த எட்டு அளவுகளைக் கடக்க ஒருவர் எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தே அவர் மெய்யறிவாளரா, வெறும் பியானோக்காரரா என்று தீர்ப்பாகிறது. ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் எவரும் துணியாத நிதானத்தில் நடப்பார், ரிப்பீட்டும் எடுப்பார், முதற்பகுதி மட்டுமே 24 நிமிடத்தைத் தாண்டும். 1957இல் மாஸ்கோவில் அதைக் கேட்டவர்களில் கூல்டும் ஒருவர். ஷூபர்ட் சொன்னதையே சொல்கிறார் என்று சலித்துக்கொள்ளும் மனிதர் அவர். அன்று மயங்கி உட்கார்ந்திருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

எதிர்க்கட்சித் தலைவர் ஆல்ஃபிரட் பிரெண்டெல். இப்பகுதியின் ரிப்பீட் வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. சும்மா விட்டுவிட்டுப் போனவரில்லை. ஏன் விடுகிறேன் என்று கட்டுரை எழுதியவர். சிக்கல் எங்கே என்றால், ரிப்பீட்டுக்குத் திரும்பும் வழியில் ஷூபர்ட் ஒன்பது அளவுகளைத் தனியே எழுதிவைத்திருக்கிறார். அவை வேறெங்கும் வருவதில்லை. தொடக்கத்தில் கிசுகிசுத்த அதே ட்ரில் அங்கே இடிபோல் முழங்குகிறது. ரிப்பீட்டை விட்டால் இந்த ஒன்பது அளவும் போய்விடும். போகட்டும், பகுதியின் குணத்துக்கே ஒவ்வாதவை என்பார் பிரெண்டெல் கட்சியார். அந்த ஓர் இடியைக் கேட்கத்தானே ஐயா இவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பார் மறுகட்சியார். உரையாசிரியர் மறுகட்சி. இசையமைப்பாளர் எழுதியதை விட்டுவிட நல்ல காரணம் காட்டுகிறவர்களிடம் எப்போதும் சற்று எச்சரிக்கையாயிருப்பது நலம்.

இனி, ரசிகர்கள் மிகுதியாகப் புழங்குவதும் மிகக் குறைவாக ஆராய்ந்ததுமாகிய 'டச்'.

விரலும் குடையும் விசையொப்பின் ஒன்றே.

இந்நூற்பா ஆங்கில இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் கருத்தைத் தழுவியது. ஒற்றைச் சுரத்தைப் பொறுத்தவரை, விசை ஒன்றாயிருந்தால் கட்டையை அழுத்துவது கலைஞரின் விரலா குடையின் நுனியா என்பதில் வேறுபாடில்லை என்றார் அவர். பியானோவின் உட்புறத்தைத் திறந்து பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். கட்டையை அழுத்தினால் நெம்புகோல்கள் எழும்பி, கம்பளி சுற்றிய சுத்தியலைத் தந்தியை நோக்கித் தள்ளுகின்றன. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்னே சுத்தியல் பிடியிலிருந்து கழன்றுவிடும். மிச்சத் தூரம் தானே பறந்துபோய் அடித்துவிட்டு விழும். அதற்குப் பிறகு கலைஞர் கட்டையைத் தடவினாலும், விரலை நடுக்கினாலும், கண்ணை மூடி விட்டத்தைப் பார்த்தாலும் சுத்தியலுக்குத் தகவல் போகாது. அது அறிந்ததெல்லாம் கிளம்பிய வேகம் ஒன்றுதான்.

இதை ரசிகரிடம் சொல்லக் கூடாது. அவருக்கு ஒருவர் விரல் வெல்வெட், ஒருவர் விரல் எஃகு, ஒருவர் விரலில் முத்து உதிரும். விளாதிமிர் ஹோரோவிட்ஸ் ஆசிரியர்கள் கண்டிக்கும் விதமாக விரலை நீட்டி, மணிக்கட்டைத் தாழ்த்தி வாசித்தார். அந்த ஒலி நீட்டிய விரலிலிருந்தே பிறந்தது என்பர். கூல்ட் தன் தந்தை செய்துகொடுத்த குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கு கட்டையில் இடிக்கும்படி குனிந்து வாசித்தார். அந்தத் தெளிவு நாற்காலியிலிருந்து பிறந்தது என்பர். உண்மை ஜீன்ஸுக்கும் ரசிகருக்கும் நடுவே இருக்கிறது. பியானோவில் எவரும் ஒற்றைச் சுரம் வாசிப்பதில்லை. ஒரே நேரத்தில் அழுத்தும் நான்கு விரலில் எதற்கு எவ்வளவு பலம், ஒரு சுரம் ஓயுமுன் அடுத்ததைத் தொடுவதா ஓய்ந்தபின்னா, பெடலை எப்போது எடுப்பது என்ற இந்தப் பங்கீட்டில்தான் ஹோரோவிட்ஸ் ஹோரோவிட்ஸாகிறார். குடையால் இதைச் செய்ய நான்கைந்து குடை வேண்டும்.

பெரியோர் தவறின் பேரழ கென்க
பிறர்தவ றுவதே பிழையெனப் படுமே.

இதற்கு உரை வேண்டாம், எடுத்துக்காட்டுப் போதும். ஆல்ஃபிரட் கோர்ட்டோவின் ஷோப்பன் பதிவுகளில் சுரப்பிழைகள் மலிந்திருக்கின்றன, அவை கவித்துவம். மௌரிட்ஸியோ பொல்லினி 1972இல் வெளிவந்த ஷோப்பன் எட்யூட் பதிவில் பிழையே விடவில்லை. ஆகவே உயிரில்லை, குளிர்ச்சி என்று குற்றம். பன்னிரண்டு ஆண்டு மேடையேறாதிருந்த ஹோரோவிட்ஸ் 1965 மே 9 அன்று கார்னெகி அரங்குக்குத் திரும்பியபோது தொடக்கத்திலேயே சில சுரங்கள் தவறிப்போயின. தட்டாக வெளியிட்டபோது ஒட்டுப்போட்டுத் திருத்தினார்கள். 2003இல் அதே கச்சேரியை, ஒட்டு நீக்கி, பிழைகளோடு, பிழைகள் உள்ளதைப் பெருமையாகச் சொல்லியே வெளியிட்டார்கள். திருத்திய பதிப்பை வைத்திருந்தவர்கள் பிழைகளுக்காக இன்னொரு முறை காசு கொடுத்தார்கள்.

கூல்டின் முனகல், சோஃபியாவில் 1958இல் ரிக்டரின் கச்சேரிப் பதிவில் குளிர்காலக் கூட்டத்தின் இருமல் ஆகியவற்றையும் இந்நூற்பாவிலேயே அடக்கிக்கொள்க.

கடைசியாக, அட்டை. இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் ஆதாரம், ரசிகர் காதால் கேட்கிறார் என்ற அனுமானம். அதைச் சோதிக்க வரலாறே இரண்டு வாய்ப்பளித்திருக்கிறது.

டினு லிப்பாட்டி 1950 டிசம்பரில், 33 வயதில் இறந்தார். அவர் வாசித்ததாக ஷோப்பனின் முதல் கான்செர்ட்டோ தட்டு ஒன்று பின்னாளில் வெளிவந்தது. மரணத்தின் நிழல் படிந்த வாசிப்பு என்று ரசிகர் உருகினர். 1981இல் அது பி.பி.சி. வானொலியில் ஒலித்தபின் குட்டு வெளிப்பட்டது: வாசித்தவர் போலந்தின் ஹாலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா. 1949இல் வார்சா ஷோப்பன் போட்டியில் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பதிவின்போது மரணத்தின் நிழல் எதுவும் இன்றித் திடமாக இருந்தவர். லிப்பாட்டியே வாசித்த மெய்யான பதிவு பிறகு கிடைத்தது, ஒலித்தரம் சுமார்.

இரண்டாவது இன்னும் பெரிது. ஜாய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலப் பியானோ கலைஞர் நோயால் மேடையை விட்டு விலகிப் பல பத்தாண்டுகள் ஆனபின், கணவர் நடத்திய சிறு நிறுவனத்திலிருந்து அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சி.டி.க்கள் வரத் தொடங்கின. பீத்தோவன் முதல் கோடௌஸ்கி வரை பாக்கியில்லை. கான்செர்ட்டோக்களில் ரெனே கோலர் என்ற நடத்துநருக்கு வாழ்க்கை வரலாறுகூட இருந்தது, ஆள்தான் இல்லை. உலகம் கவனிக்கத் தவறிய மேதை என்று ரசிகர் கொண்டாடினர். 2006இல் ஹாட்டோ இறந்தார். 2007 பிப்ரவரியில் ஒருவர் அவருடைய லிஸ்ட் எட்யூட் தட்டைக் கணினியில் போட, நேர அளவை வைத்துப் பெயர் கண்டுபிடிக்கும் தரவுத்தளம் லாஸ்லோ சிமோன் என்று காட்டியது. தோண்டத் தோண்ட மற்றவையும் வந்தன: ரக்மானினாஃபை வாசித்தவர் யெஃபிம் பிரான்ஃப்மன், ஷோப்பன் மசூர்க்காவை யூஜின் இந்ஜிச், கோடௌஸ்கியைக் கார்லோ கிரான்டே. மசூர்க்காக்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் தாளம் தாளமாக அளந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மயிரிழை பிசகாமல் ஒரே மாதிரி வாசிப்பதைக் கண்டு அவர்களும் விழித்தார்கள். கணவர் பிறகு ஒப்புக்கொண்டார்.

இதனால் ரசிகர் செவிடர் என்று துணிவார் உளர். அற்றன்று. ஹாட்டோ தட்டுகள் நல்ல தட்டுகள்; நல்ல கலைஞர்கள் வாசித்தவை; புகழ்ந்தவர் காது சரியாகவே வேலை செய்தது. பாராட்டு போய்ச் சேர்ந்த விலாசம்தான் தவறு. விளக்கத்தக்கது வேறொன்று: அதே ரக்மானினாஃப் பதிவு முதலில் பிரான்ஃப்மன் பெயரில் வந்தபோது சுமார் என்று ஒதுக்கப்பட்டு, நோயுற்ற மூதாட்டி பெயரில் வந்தபோது அபாரம் என்று எழுதப்பட்டது. சுத்தியலுக்குப் போகாத தகவல் காதுக்குப் போய்விடுகிறது.

ஓர் ஐயம் எஞ்சுகிறது. கணவர் அடையாளம் தெரியாதிருக்கச் சில பதிவுகளின் வேகத்தைக் கணினியால் மாற்றியிருந்தார். அப்படி மாற்றிய கிரான்டேயைப் பழைய கிரான்டேயாகவே கொள்வதா, தனிப் பதிவாகக் கொள்வதா? நிமிடக் கணக்கு வேறு, அட்டை வேறு; எனவே தனிப் பதிவே. முறைப்படி இரண்டையும் வாங்கி அருகருகே வைத்துக் கேட்க வேண்டியதுதான். ஹாட்டோ பெயரிட்ட தட்டுகள் இனி அச்சாகப்போவதில்லை. பழைய தட்டுக் கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.