பொழுதுக்கு ஒரு வேலை

கேள்வி: எழுதுவதும் புகைப்படம் எடுப்பதும் எனக்குப் பிடிக்கும். ஆனால், ஆரம்பித்த வேகம் நாலே வாரத்தில் படுத்துவிடுகிறது. வருடம் முழுக்க உற்சாகம் குறையாமல் இருக்க வழி உண்டா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வருடம் முழுக்க எதற்கு? மாமரமே சீசனுக்குத்தான் காய்க்கிறது! ஆண்டை இரண்டிரண்டு மாதமாக ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தவர்கள் நம் முன்னோர். நீங்களும் பொழுதுக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் விடிந்ததும் கேமராவோடு தெருவில் இறங்குங்கள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் கோலமாவின் ஒவ்வொரு இழைக்கும் மெல்லிய நிழல் தெரியும். உச்சிவெயிலில் அந்த நிழல் போய்விடும். கோலத்தில் பாதியை எறும்பும் தின்றிருக்கும். பனிக்காலம் முடிவதற்குள் வேடந்தாங்கல் போய்வாருங்கள். வலசைப் பறவைகள் உங்கள் லீவுக்காகக் காத்திருக்காது. சித்திரை வெயில் வெளியே விடாது, உட்கார்ந்து எழுதுங்கள். ஆடிக்காற்றில் அடித்துத் திருத்துங்கள். தீபாவளி மலருக்கு அனுப்புவதைப் பட்டாசுச் சத்தம் கேட்டபிறகு அனுப்பிப் பயனில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமானால், ஐப்பசி மழையிலேயே மெய்ப்புத் திருத்தி முடித்திருக்க வேண்டும்.

ஒரு பொழுது கைநழுவினாலும் கவலை வேண்டாம். அடுத்தது வாசலில் நிற்கும். 'மூடு' வருமா என்று பார்க்காதீர்கள், காலண்டரைப் பாருங்கள். அது தவறாமல் வரும்!