அடுப்பு தலைக்கு மேலே!

காஷ்மீரில் பழைய வீடுகளில் தரைக்கு அடியிலேயே சூடேற்றுகிறார்களாமே, நம்ம ஏரியாவுக்கு அது சரிப்படுமா?
— வாசகர், புளியந்தோப்பு

ஆஸ்பெஸ்டாஸ் கூரையே தோசைக்கல்லாகக் காயும்போது தரையிலும் ஓர் அடுப்பா? 2003 மே 31-ல் 45 டிகிரி கண்ட ஊராச்சே நம் சென்னை!

காஷ்மீரில் அப்படிச் சூடேற்றும் அறைக்கு 'ஹமாம்' என்று பெயர். கல் பாவிய தரைக்கு அடியில் விறகு எரியும். செப்பு அண்டாவில் வெந்நீரும் தயார். மசூதி ஹமாம்களில் பனிக்காலம் முழுக்கப் பெரியவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள்.

உங்களுக்கு வேண்டியது கூரைக்கு வெள்ளைப் பூச்சு. சித்திரை பிறக்கும் முன் அடித்துவிடுங்கள், ராத்திரி பிள்ளைகள் கொஞ்சமாவது தூங்கட்டும். ஆனால் ஷீட்டைச் சுரண்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன்.